ஒரே கேசட்டில் அப்பாவும் நானும்

1

அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மலையில் பிறந்தவன் இல்லையா, பாறை மாதிரி நின்றேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன்.

பொய். குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உரித்துத் தொங்கவிட்ட ஆடுகளுக்கு நடுவில் நின்று ஊளையிட்டேன். மூக்கு வழிந்து மீசையில் உறைந்துபோனது. வெளியே வந்தபோது மலையாளச் சமையல் மேஸ்திரி கோயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, மீசையில் என்ன உப்பு என்று கேட்டார். ஆறுதல் சொன்னவர் கூட வேலை செய்யும் பெரியகுளத்துச் சாகுல் பாய். சொல்லப்பட்டவன்தான் நான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் ஆரோக்கியம். ஊர் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் வில்பட்டி. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதே வகுப்பில் இரண்டு வருஷம் இருந்ததால் நான்காவது என்று சொல்லிக்கொள்வேன். இதை அச்சடிக்கிறவர்கள் என் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்வார்கள், பாவம். பிழைப்பு சவூதியில், ரோடு போடும் கம்பெனி ஒன்றின் கேம்ப் மெஸ்ஸில். மதுரையில் ஆள் எடுத்த ஏஜெண்ட் எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். "குளிர் தாங்குவியா?" என்றான். "பொறந்ததே அதுலதாங்க" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். கொண்டுவந்து ஐஸ் அறையில் தள்ளிவிட்டார்கள். வெளியே மணல் கொதிக்கிறது. உள்ளே நான் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு மீன் அடுக்குகிறேன்.

இதைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "குளிருதுன்னு அடுப்பங்கரைய விட்டு நகராத பய, பாலைவனத்துல போயி ஐஸ் பொட்டிக்குள்ள உக்காந்துருக்கான். கர்த்தருக்கும் வேடிக்க தெரியுமுங்கிறதுக்கு இவன்தான்யா சாட்சி."

போன மாதம் அவருக்கு முதலாம் ஆண்டு பூசை வைத்தார்கள். அதற்கு முன்னால் இங்கிருந்து நான் ஒரு கேசட் பேசி அனுப்ப வேண்டியிருந்தது. அதில் என்ன பேசுவது, யார் குரலில் பேசுவது என்று நான் பட்ட பாட்டைத்தான் எழுத வந்தேன்.

2

அப்பாவின் பெயர் சவரிமுத்து. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் ஸ்வெட்டர் வாடகைக்கு விடுவது அவர் தொழில். சீசனுக்கு வருகிறவர்கள் மதுரை வெயிலை நம்பி மல் சட்டையோடு மலை ஏறிவிடுவார்கள். பெருமாள்மலை வரும்போதே பல் தந்தியடிக்கத் தொடங்கும். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே அப்பா நிற்பார். இரண்டு தோளிலும் ஸ்வெட்டர் மலை, தலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குரங்குக் குல்லாக்கள்.

"வாங்க, வாங்க. பாக்க வந்தீங்களா, நடுங்க வந்தீங்களா? நடுங்குறதுன்னா சும்மாவே நடுங்கலாம். பாக்கணும்னாத்தான் ஸ்வெட்டரு வேணும்."

ஸ்வெட்டரோடு யாரும் பஸ் ஏறிவிடக் கூடாது என்பதற்காக ஒற்றைச் செருப்பைப் பிணையாக வாங்கி வைத்துக்கொள்வார். ஒற்றைச் செருப்போடு எவன் மலை இறங்குவான் என்று அவருக்கு ஒரு யோசனை. ஆனால் அந்தச் சில்லிட்ட தரையில் ஒரு காலை ஊன்ற முடியாமல் ஆள் நொண்டுவதைப் பார்த்தால் அவருக்கே பொறுக்காது. கூப்பிட்டுத் தன் டயர் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். பாதிப் பேர் அதையும் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா வீட்டுக்கு வரும்போது காலில் இருப்பது ஒருநாளும் ஜோடியாக இருந்ததில்லை. சீசன் முடிந்தால் பூம்பாறைப் பக்கம் பூண்டுக் காட்டு வேலைக்குப் போவார். அங்கேயும் ஒரு கால் ஆண் செருப்பு, ஒரு கால் பெண் செருப்புதான்.

அவருக்கும் எனக்கும் எழுத்து ஒத்துவராது. முதல் லீவில் ஊருக்குப் போனபோது ஒரு டேப்ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து கேசட்தான் எங்கள் கடிதம். லீவில் போகிற, வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுவது. ஒரே கேசட். வருவதைக் கேட்க வேண்டியது, அதன்மேலேயே பதிலைப் பேச வேண்டியது, திருப்பி அனுப்ப வேண்டியது. நான் பேசினால் அவர் பேச்சு அழியும், அவர் பேசினால் என் பேச்சு அழியும். கேம்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறோம். ஒருமுறை நான் புதிதாக ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டதற்கு அப்பா சொன்னார்: "புதுசு எதுக்குலே? நான் பேசுன சூடு ஆறுறதுக்குள்ள அதுமேலயே நீ பேசு. அப்பன் மேல ஏறி வெளையாண்ட பயதான நீ?"

கடைசியாக வந்த கேசட்டில் நடுநடுவே இருமினார். உடனே அதற்கும் ஒரு விளக்கம். "ஏலே, இந்த இருமலு என்னோடது இல்ல. வாடகைக்கு எடுத்துருக்கேன். சாயந்தரம் திருப்பிக் குடுத்துருவேன்." பக்கத்தில் என் மகள் செல்வி கெக்கெக்கே என்று சிரிப்பது கேட்டது. பிறகு தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து ஏதோ கதை சொன்னார்கள்.

நான் அதைச் சில நாள் கேட்டேன். பிறகு வழக்கம்போல அதன்மேலேயே பதில் பேசினேன். "அப்பா, வாடகை இருமலத் திருப்பிக் குடுத்தீங்களா இல்லையா? வெரசாக் குடுத்துருங்க. இல்லேன்னா இருமலுக்காரன் ஒங்க செருப்பப் புடுங்கி வச்சுக்கிருவான்." என் நகைச்சுவைக்கு நானே பலமாகச் சிரித்து அதையும் பதிவு செய்து, லீவில் போன மதுரைக்காரர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

3

மதுரைக்காரர் விமானம் ஏறிய பிறகு தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் சாகுல் பாயிடம் நீட்டினேன். பாய் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "அப்பா சீரியஸாம், உடனே வரணுமாம்" என்றார். அதற்குமேல் அவர் சொல்லத் தேவையில்லை. நம் பக்கம் உயிரோடு இருக்கிறவருக்கு யார் தந்தி கொடுக்கிறார்கள்? இறந்தவருக்குத்தான் சீரியஸ் என்று கொடுப்பார்கள், வருகிறவன் வழியிலேயே விழுந்துவிடக் கூடாது என்று.

பாஸ்போர்ட் கம்பெனி கையில். பாயைக் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனேன். நான் தெரிந்த இங்கிலீஷிலும் தெரியாத அரபியிலும் சொன்னேன், பாய் திருத்தினார். மேனேஜர் தந்தியைப் படித்தார்.

"சீரியஸ் என்றுதானே இருக்கிறது? ஆஸ்பத்திரி இருக்கும், டாக்டர் இருப்பார். பிழைத்துக்கொள்வார்."

"இல்லை சார், இறந்துவிட்டார்."

"அப்படி இதில் இல்லையே."

"எங்கள் ஊரில் சீரியஸ் என்றால் இறந்துவிட்டார் என்று அர்த்தம் சார்."

"அப்படியானால் உண்மையிலேயே சீரியஸாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?"

"எழுத மாட்டோம் சார். ஆளே வந்து சொல்லிவிடுவான்."

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்தாரோ என்னவோ. எனக்கு முன்னால் லீவு கேட்டுப் பல பேர் பல முறை அப்பாவைக் கொன்றிருக்கிறார்கள், அந்த ஆத்திரம் வேறு. இறந்துவிட்டார் என்று தெளிவாக ஒரு தந்தி வரட்டும் என்றார். அது வந்தது. அதற்குள் அங்கே மண் போட்டாயிற்று. நான் போட வேண்டிய முதல் பிடி மண்ணை என் மச்சினன் சின்னப்பன் போட்டிருக்கிறான். அடக்கம் முடிந்துவிட்டதே, இனி போய் என்ன செய்யப் போகிறாய் என்றார் மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை. தந்தியில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

நான் ஊர் போகவில்லை. என் கேசட் போய்ச் சேர்ந்தது.

மதுரைக்காரர் நல்லவர், மெனக்கெட்டு மலை ஏறிப் போய்க் கொடுத்திருக்கிறார். அடக்கம் முடிந்து வீட்டில் இன்னும் சனம் கிடந்த நேரம். வெளிநாட்டிலிருந்து மகன் அழுது அனுப்பியிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தார் முந்தானையும் துண்டுமாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சின்னப்பன் கேசட்டைப் போட்டிருக்கிறான். கேட்டது என் சிரிப்பு. வாடகை இருமலைத் திருப்பிக் கொடுத்தாச்சா என்று நான் கேட்கிறேன். யாராவது அதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற பொத்தான் எது என்று அப்பாவுக்குத்தான் தெரியுமாம்.

4

இதற்கெல்லாம் நடுவில் செல்வி ஒன்றைக் கவனித்திருக்கிறாள். அப்பா பேசிய கேசட் வந்துவிட்டது, தாத்தா பேசிய கேசட் எங்கே?

ஒரே கேசட்தான் போய் வருகிறது, ஒன்றன்மேல் ஒன்று அழிகிறது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தாத்தா மடியில் உட்கார்ந்து அவர் பேசுவதைத் தன் கண்ணால் பார்த்தவள் அவள். அந்தப் பேச்சு சவூதிக்குப் போனது. தாத்தா இறந்துவிட்டார், பேச்சு மட்டும் அப்பாவிடம் இருக்கிறது, அப்பா திருப்பித் தர மாட்டேன் என்கிறார். இது அவள் வழக்கு. எந்த நீதிபதியும் அவள் பக்கம்தான் தீர்ப்புச் சொல்வார்.

வளைகுடாவிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் போய் நிற்பாளாம். "எங்க தாத்தா கேசட்டு கொண்டாந்தீங்களா?" இல்லை என்றால் அப்படியே திரும்பிவிடுவாளாம். என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். என் மனைவி புஷ்பம் கேசட் பேசும்போது, "பேசு பிள்ள, அப்பாகிட்டப் பேசு" என்று கெஞ்சுவது கேட்கும். பிறகு யாரோ எழுந்து ஓடும் காலடி கேட்கும். ஒரு வருஷமாக என் மகளின் காலடியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் தொட்டிலில் கிடக்கும்போது வந்தவன் நான். லீவில் போனபோது தாத்தாவின் கால்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். "வேற யாருமில்ல தாயி, ஒங்கப்பன்தான். பாக்கத்தான் பயமா இருக்கும், கடிக்க மாட்டான்" என்றார் அப்பா. பழகி மடியில் வந்து உட்கார்ந்தபோது என் லீவு முடிந்துவிட்டது.

ஆண்டுப் பூசை நெருங்கியதும் புஷ்பம் ஒரு கேசட் அனுப்பினாள். அதில் அவள் குரல் தாழ்ந்து, பக்கத்தில் யாரும் கேட்டுவிடாதபடி இருந்தது.

"ஏங்க, நான் ஒண்ணு சொன்னாக் கோவப்படக் கூடாது. நீங்க மாமா மாதிரியே பேசுவீங்கள்ல? நம்ம கல்யாணத்துல மறைஞ்சு நின்னு பேசி, சமையக்காரரையே வெரட்டுனீங்கள்ல? அதே மாதிரி செல்விக்கு ரெண்டு வார்த்த பேசி அனுப்பி விடுங்க. தாத்தா கேசட்டு கெடச்சிருச்சுன்னு குடுத்துர்றேன். பிள்ள ரோட்டுல போயி நிக்கிறதப் பாக்க முடியலங்க. பூசைக்கு முன்னால வரட்டும்."

சாகுல் பாய் லீவில் புறப்பட இருந்தார். அவரிடம் சொன்னேன்.

"பேசி விடு மாப்ளே" என்றார். "சின்னப் பிள்ளைக்குத்தான. ஊசி போடும்போது வலிக்காதுன்னு சொல்றதில்லையா?"

"அந்தப் பொய்யி ஊசி எறங்குனதுமே தெரிஞ்சு போயிரும் பாய். இது எப்பத் தெரியும்? அவ பெரியவளானதும். அன்னைக்கு என்ன நெனப்பா?"

"அப்ப உள்ளதச் சொல்லீரு."

"சொன்னா, தாத்தாவ அழிச்சவன் நாந்தான்னு ஆயிரும். சென்மத்துக்கும் எங்கூடப் பேச மாட்டா."

பாய் தாடியைச் சொறிந்தார். "ரெண்டுல ஒண்ண வெரசாப் பண்ணு. ஏர்போர்ட் வேன் ஒனக்காக நிக்காது."

5

மத்தியான ஓய்வில் வெங்காயம் வைக்கும் அறைக்குள் போய்ப் பேசினேன். அங்கே அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

தொண்டையைச் செருமினேன். "வில்பட்டியிலருந்து சவரிமுத்து பேசுறேன். ஏலே, கேக்குதா? கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லீரு." வந்துவிட்டது. கொஞ்சம்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை. என் வாய்க்குள்ளேயே குடியிருந்தவர்போல வந்தார். செல்வியை விசாரித்தார், கோழிகளை விசாரித்தார், பள்ளிக்கூடம் போகச் சொன்னார், வெள்ளனே எழுந்திருக்கச் சொன்னார். "ஒங்கப்பன் பய நேரத்துக்குச் சாப்புடுறானா?" என்றும் கேட்டார்.

சரியாக இருக்கிறதா என்று போட்டுக் கேட்டேன். நான் பேசியதுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடம் வந்ததும், "சாப்புடுறேன்ப்பா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மறுபடி பின்னால் சுற்றிக் கேட்டேன். மறுபடி சாப்பிடுகிறேன் என்றேன். கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. செல்விக்கு என்று சொல்லிவிட்டு எனக்காகத்தான் அவரை வரவழைத்திருக்கிறேன் என்று தோன்றியது.

நான் சாப்பிடுகிறேன் என்று சொன்ன பிறகு, பதிலுக்கு அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். உயிரோடு இருந்திருந்தால் விடமாட்டார். என் வயிற்றைப் பற்றியோ, அரபு நாட்டு ரொட்டியைப் பற்றியோ, நான் கனவிலும் நினைக்காத ஒன்றை எடுத்து வீசுவார். இந்தச் சவரிமுத்து நான் யோசித்து வைத்ததைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. கோழிகளைப் பற்றிப் பேசப் போய்விட்டார். அப்பா என்றால் நான் நினைக்காததைச் சொல்கிறவர். இது யாரோ ஒரு சாதுவான கிழவர். இவரைச் செல்வி ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள் என்பது ஒன்று. கண்டுபிடிக்காமல் நம்பிவிட்டால் அது அதைவிட மோசம். அப்பாவை மறந்து இந்தக் கிழவரையே தாத்தா என்று வைத்துக்கொள்வாள்.

அந்தக் கிழவர்மேல் என் சொந்தக் குரலில் பேசினேன்.

"செல்வி, அப்பா பேசுறேன்மா. தாத்தா பேசுனது எங்கிட்ட இல்ல. இருந்தா குடுத்துருப்பேன். ஒரே கேசட்டுத்தான் போயி வந்துச்சு. தாத்தா பேசுனதுக்கு மேலயே நான் பேசிட்டேன், அது அழிஞ்சு போச்சு. யாரும் ஒளிச்சு வைக்கல. எனக்கும் அது வேணும்தாம்மா. எனக்கும் கெடைக்கல." அதோடு விட மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், வாயைத் திறந்தால் கதை. சின்ன வயதில் அப்பா எனக்குச் சொன்ன ஒன்றைத் தொடங்கினேன். "ஒரு சீசன்ல, ஒரு பட்டுச்சேலைக்கார அம்மா தாத்தாகிட்ட ஸ்வெட்டரு எடுத்துட்டுப் போச்சு. தாத்தா அதோட ஒத்தச் செருப்ப வாங்கி வச்சுக்கிட்டாரு. சின்னூண்டு செருப்பு. அந்தம்மா நொண்டுறதப் பாத்துட்டுத் தன்னோட டயர் செருப்புல ஒண்ணக் குடுத்துட்டாரு. சாயந்தரம் ஆச்சு, பஸ்ஸெல்லாம் பொறப்படுற நேரம், அந்தம்மாவக் காணோம். தாத்தா அந்தச் சின்னச் செருப்ப எடுத்துக்கிட்டு..."

"மாப்ளே, வேன் வந்துருச்சு! குடு அத!" என்று கதவைத் தட்டினார் பாய். அப்படியே உருவிக்கொண்டு ஓடினார். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபோது அதைத் துரத்தலாமா என்று இருந்தது. பிள்ளையிடம் குற்றத்தைச் சொல்லியாயிற்று, கதையைச் சொல்லவில்லை.

6

பூசை நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன். செல்வி என்ன சொன்னாள் என்று கேள்விப்படவில்லை. ஒரு மாதமாக மீனை ஆட்டுக்குரிய இடத்திலும் ஆட்டை மீனுக்குரிய இடத்திலும் அடுக்கிக் கோயா மேஸ்திரியிடம் மலையாளத்தில் நிறையக் கற்றுக்கொண்டேன்.

இன்று காலை சாகுல் பாய் லீவு முடிந்து வந்துவிட்டார். மாங்காய் ஊறுகாயும் ஒரு கேசட்டும் கொடுத்தார். "ஒன் மக பேசுனா. எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார். கேட்பதற்கு முன்பே கேம்ப் கடையில் புதுக் கேசட் ஒன்று வாங்கிவிட்டேன். அவள் பேசியதில் திட்டு மட்டுமே இருந்தாலும் அதன்மேல் நான் பேசப் போவதில்லை.

இப்போது மத்தியான ஓய்வு. வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு நிறுத்தி இதை எழுதுகிறேன்.

முதலில் கோழி கொக்கரிக்கிறது. பிறகு அவள் குரல். வளர்ந்திருக்கிறாள். "அப்பா, நான் செல்வி பேசுறேன். நீங்க தாத்தா பேசுனத அழிச்சிட்டீங்க. நான் இனிமே ஒங்களோட பேச மாட்டேன்." காலடிக்காகக் காத்திருந்தேன். ஓடவில்லை. "ஆனா நீங்க கதையத் தப்பாச் சொல்றீங்க. அத மட்டும் சொல்லிட்டுப் போயிர்றேன்.

"மொதல்ல மூடுபனி வரணும். மூடுபனி இல்லாம தாத்தா இந்தக் கதையச் சொல்லவே மாட்டாரு. கைய நீட்டுனா கையே தெரியல. அப்பறம் அந்தம்மா எந்த பஸ்ஸுல இருக்குன்னு எப்பிடித் தெரியும்? அதனால தாத்தா அந்தச் சின்னச் செருப்பத் தலையில குல்லாவுக்கு மேல வச்சுக்கிட்டு, ஒவ்வொரு பஸ்ஸா ஏறி, 'எல்லாரும் தயவுசெஞ்சு காலக் காட்டுங்க'ன்னாரு. கண்டக்டருக்குக் கோவம் வந்துருச்சு. 'யோவ், நான் டிக்கெட்டு பாக்கணும், நீ என்னய்யா கால் பாக்குற?'"

நான் நிறுத்திவிட்டேன். எனக்குச் சொன்ன கதையில் கண்டக்டரே கிடையாது. நான் ஊரை விட்டு வந்த பிறகு, இவளுக்காக அப்பா ஏற்றிவிட்ட ஆள். மறுபடி போட்டேன். செல்வி குரலைத் தடிப்பாக்கிக்கொண்டாள்.

"தாத்தா சொன்னாரு, 'நீ டிக்கெட்டு இல்லாத ஆளத் தேடு, நான் செருப்பு இல்லாத ஆளத் தேடுறேன். ரெண்டு பேருக்கும் கெடைக்கலேன்னா, பஸ்ஸுல எல்லாரும் யோக்கியம்னு எறங்கிப் போயிருவோம்.'"

வெங்காய அறையில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். ஒரு வருஷமாகக் கேட்காத புதுப் பேச்சு அது, அப்பா பேசியது, இப்போதுதான் எனக்கு வந்து சேர்கிறது.

"அப்பறம் கடைசி பஸ்ஸு. அது நகந்துருச்சு. தாத்தா பின்னாலயே ஓடுறாரு. ஓடுறாரு, ஓடுறாரு. அப்ப ஜன்னல்லருந்து ஒரு கை வெளிய வந்துச்சு. அந்தக் கையில..."

"ஆரோக்கியமே! எவிடயாடா நீ? மீன் வண்டி வந்நு!" வெளியே கோயா மேஸ்திரியின் குரல்.

"ஒரே ஒரு நிமிஷம் சேட்டா!"

"ஒரு நிமிஷத்துல மீனு எழுந்து கடலுக்கே நடந்து போயிரும். வாடா!"

பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்து போகிறேன். நான் கேட்ட கதையில் கையும் கிடையாது. அந்தக் கையில் என்ன இருந்தது என்று எனக்கும்...